மேலே தங்கிவிட்ட கோரைப்பல்: எடுப்பதா, இழுப்பதா, காத்திருப்பதா?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகளுக்கு 12 வயது முடிந்துவிட்டது. மேல் வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல் சரியாக இறங்கிவிட்டது. இடப்பக்கம் பால் கோரைப்பல் இன்னும் கொஞ்சமும் ஆடாமல் நிற்கிறது. ஓபிஜி, அதாவது பல்வரிசை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, எடுத்ததில் நிரந்தரக் கோரைப்பல் எலும்புக்குள் சாய்ந்து, முன்பற்களின் பக்கம் தலைநீட்டிக்கொண்டு இருக்கிறது. அந்தப் பக்கத்து முன்பல்லும் வலப்பக்கத்தைவிடச் சிறியதாக இருக்கிறதாம். ஒரு டாக்டர், பால்பல்லை எடுத்துவிட்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர், ஈறைத் திறந்து சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர், சிக்கல் பிடித்த பல் அது, எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார். யாரை நம்புவது?

மூவர் சொன்னதும் நடைமுறையில் உள்ள சிகிச்சைகள்தான். ஆனால் மூன்றில் எது உங்கள் மகளுக்கு என்று முடிவுசெய்ய இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். பல் எலும்புக்குள் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது? பக்கத்துப் பல்லின் வேரை அது என்ன செய்துகொண்டிருக்கிறது? ஒரே ஒரு ஓபிஜியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இந்த இரண்டுக்கும் உறுதியான பதில் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வேறு படம் எதுவும் எடுத்ததாகத் தெரியவில்லை. மூன்று கருத்து வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கிளிப் போடும் துறையில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில், ஒவ்வொன்றாக விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பல் ஏன் வழி தவறுகிறது என்று பார்ப்போம். குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே மேல் கோரைப்பல் உருவாகத் தொடங்கிவிடுகிறது. உருவாகும் இடம் வாயிலிருந்து வெகு தூரம்: மூக்குத் துவாரத்துக்குப் பக்கவாட்டில், கண்குழியை நோக்கி உயரத்தில். 6, 7 வயதில் பல்லின் தலைப்பகுதி முழுமையடையும். அங்கிருந்து இறங்கி வாய்க்குள் எட்டிப்பார்க்க 11, 12 வயது ஆகிவிடும். வேறெந்தப் பல்லுக்கும் இவ்வளவு நீண்ட பயணம் கிடையாது. வழியில் அதற்குத் துணை, பக்க முன்பல்லின், அதாவது நடு முன்பல்லுக்கு அடுத்த பல்லின் வேர். அந்த வேரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டேதான் கோரைப்பல் கீழே இறங்குகிறது. பக்க முன்பல் பிறவியிலேயே இல்லாவிட்டாலோ, ஆப்பு மாதிரி சிறுத்திருந்தாலோ, அந்தத் துணை போய்விடுகிறது. கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் விலகிவிடுகிறது. இது ஒரு விளக்கம். மரபணுவே காரணம், சிறுத்த பல்லும் வழி தவறிய கோரைப்பல்லும் ஒரே மரபுக் கூறின் இரண்டு வெளிப்பாடு என்பது இன்னொரு விளக்கம். ஷெல்டன் பெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1994-இல் இதை வலுவாக வாதிட்டார்கள். எதை ஏற்றாலும் நடைமுறைக்கு ஒன்றுதான்: சிறிய பக்க முன்பல் ஒரு எச்சரிக்கை. உங்கள் மகளிடம் நீங்களே அதைக் கவனித்திருக்கிறீர்கள், நல்லது. அவளுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களையும் 9 வயதிலிருந்தே பார்க்க வேண்டும். இது குடும்பத்தில் ஓடும்.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக எலும்புக்குள் அதிகம் சிக்கிக்கொள்வது மேல் கோரைப்பல்தான். நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இருக்கும், பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு. ஐரோப்பியர்களிடம் பெரும்பாலும் அண்ணத்துப் பக்கம் சிக்குகிறது. சீனா போன்ற கிழக்காசிய நாடுகளில் உதட்டுப் பக்கம் சிக்குவது அதிகம். இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. 1983-இல் ஜேகோபி என்ற ஆய்வாளர் வெளியிட்ட கணக்கில், அண்ணத்துப் பக்கம் போன பற்களில் 85 சதவீதத்துக்கு வரிசையில் போதுமான இடம் இருந்தது. உதட்டுப் பக்கம் நின்றுவிட்டவற்றில் 17 சதவீதத்துக்குத்தான் இடம் இருந்தது. ஆகவே உதட்டுப் பக்கம் நிற்கும் பல்லுக்குப் பெரும்பாலும் இடநெருக்கடிதான் நோய். இடம் உண்டாக்கிக் கொடுத்தால் பல நேரம் தானாகவே இறங்கிவிடும். வீட்டில் பெரியவர்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லும் தெத்துப்பல் இந்த இனம்தான், எலும்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டது என்பது மட்டுமே வித்தியாசம். அண்ணத்துப் பக்கம் போனது அப்படியில்லை. அங்கே எலும்பும் ஈறும் தடிப்பு, இடம் இருந்தும் தானாக வருவது அரிது.

இப்போது கண்டுபிடிக்கும் முறை. இதற்கு முதல் கருவி ஆள்காட்டி விரல். மேலுதட்டைத் தூக்கி, உதடும் ஈறும் சேரும் மடிப்பில், பால் கோரைப்பல்லின் வேருக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். 10 வயதுப் பிள்ளைக்கு அங்கே வழவழப்பான, கெட்டியான ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். கோரைப்பல்லின் தலை அது. ஒரு பக்கம் மேடு இருந்து மறுபக்கம் பள்ளமாக இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிறகு அண்ணத்தில் முன்பற்களுக்குப் பின்னால் தடவ வேண்டும். அங்கே மேடு இருந்தால் பல் எங்கே போயிருக்கிறது என்று பாதி விடை கிடைத்துவிடும். பால் கோரைப்பல் ஆடுகிறதா, பக்க முன்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, திருகியிருக்கிறதா, அசைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் போதும், செலவு எதுவும் இல்லை. சொத்தைக்கு வரும் 10 வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்தால், பிறகு வரும் அறுவைச் சிகிச்சைகளில் ஒரு நல்ல பங்கைத் தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளிகளில் நடக்கும் பல் முகாம்களில்கூடச் சொத்தையை எண்ணுகிறார்கள், விரலை வைத்துத் தடவுவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். 8 வயதிலிருந்து 11 வயது வரை முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் இடைவெளியோடு இருப்பது பெரும்பாலும் இயல்பானது. மேலிருந்து இறங்கும் கோரைப்பற்கள் அவற்றின் வேர்களை ஒட்டியிருப்பதால் வரும் தோற்றம் அது. கோரைப்பல் இறங்கியதும் தானாகவே சேர்ந்துவிடும். பார்க்க நன்றாக இல்லையே என்று அந்த வயதில் அவசரப்பட்டுக் கிளிப் போட்டு நேராக்கினால், பக்க முன்பல்லின் வேர் நேராகப் போய்க் கோரைப்பல்லின் வழியில் நின்றுவிடும்.

அடுத்தது படம். ஓபிஜியில் பல்லின் உயரம், சாய்வு, எந்தப் பல்லின் மேல் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். உதட்டுப் பக்கமா அண்ணத்துப் பக்கமா என்று அதில் நேராகத் தெரியாது. அண்ணத்துப் பக்கம் இருக்கும் பல் மறுபக்கத்ததைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும், அது ஒரு துப்பு மட்டுமே. நிச்சயப்படுத்த, அதே இடத்தை எக்ஸ்ரே குழாயின் கோணத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு ஆர்விஜி படம் (ஓரிரு பல்லை மட்டும் காட்டும் சின்ன எக்ஸ்ரே) எடுப்பார்கள். ரயில் ஜன்னல் வழியே பார்க்கும்போது பக்கத்துத் தந்திக் கம்பம் பின்னால் ஓடும், தூரத்து மலை நம்மோடு கூடவே வரும் அல்லவா, அதே கணக்குதான். குழாய் நகர்ந்த திசையிலேயே கோரைப்பல்லும் நகர்ந்து தெரிந்தால் அது தூரத்தில், அதாவது அண்ணத்துப் பக்கம். எதிர்த்திசையில் நகர்ந்தால் கிட்டத்தில், உதட்டுப் பக்கம். நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய முறை, கிளார்க் என்பவர் சொன்னது. இன்றும் ஏமாற்றுவதில்லை.

சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. அதன் கதிர்வீச்சு ஓபிஜியைவிட அதிகம். வளரும் பிள்ளைக்குக் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது. பக்கத்து வேர் கரைகிறதோ என்ற சந்தேகம் வந்தால், அறுவை செய்யப்போகிறோம் என்று முடிவாகிப் பல்லின் இடம் தெளிவாகத் தெரியாவிட்டால், எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் முழு மண்டை ஓட்டையும் படம்பிடிக்க வேண்டாம், அந்தப் பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லலாம். நீங்கள் கேட்டால் செய்வார்கள்.

வேர் கரைவதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரம் முழுவதிலும் உண்மையான ஆபத்து இதுதான். கோரைப்பல் வராமல் போனால் ஒரு பல் குறையும், அவ்வளவுதான். ஆனால் அது முன்பல்லின் வேரில் முட்டிக்கொண்டு நின்றால், அந்த வேரை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. சுவீடனைச் சேர்ந்த எரிக்சனும் குரோலும் 2000-இல் சிடி ஸ்கேன் கொண்டு ஆராய்ந்தபோது, வழி தவறிய கோரைப்பல் இருந்த பக்கத்தில் பக்க முன்பற்களில் 38 சதவீதத்திலும், நடு முன்பற்களில் 9 சதவீதத்திலும் வேர் கரைந்திருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இவற்றில் பல கண்ணுக்கே படாது, ஏனென்றால் கரைவது வேரின் முன்புறமோ பின்புறமோதான். பக்கவாட்டுக் கோடு அப்படியே இருக்கும். ஆறுதலான செய்தியும் உண்டு. கோரைப்பல்லை அங்கிருந்து விலக்கிவிட்டால் கரைவது பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. வேர் நன்றாகக் குட்டையாகிவிட்ட முன்பல்கூடப் பல ஆண்டுகள் உறுதியாக நிற்பதைப் பார்க்கிறோம். ஆகவே ஸ்கேனில் வேர் கரைந்திருக்கிறது என்று வந்தால் முன்பல்லை எடுக்க ஓடாதீர்கள். கோரைப்பல்லை விலக்குவதை அவசரமாக்குங்கள்.

இனி சிகிச்சை. முதல் டாக்டர் சொன்னது, பால் கோரைப்பல்லை மட்டும் எடுப்பது. எளிய வேலை, மரத்துப்போக ஒரு ஊசி, சில நிமிடம். இதனால் எலும்புக்குள் இருக்கும் பல் எப்படித் திரும்பும் என்று பெற்றோர் நம்பவே மாட்டார்கள். 1988-இல் அதே எரிக்சனும் குரோலும் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம், அண்ணத்துப் பக்கம் விலகிய 46 பற்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். 36 பற்கள், அதாவது 78 சதவீதம், சரியான பாதைக்குத் திரும்பின. ஓபிஜியில் பக்க முன்பல்லின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டால், கோரைப்பல்லின் தலை அந்தக் கோட்டைத் தாண்டாதவற்றில் 91 சதவீதம் திரும்பின. தாண்டியவற்றில் 64 சதவீதம். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க, பால்பல் எடுக்காத குழு இல்லை. 2015-இல் சுவீடனிலிருந்தே வந்த முறையான ஒப்பீட்டு ஆய்வில் எடுத்தவர்களில் 69 சதவீதமும் எடுக்காதவர்களில் 39 சதவீதமும் இறங்கின. எடுக்காமலே சில இறங்கும் என்பதும் உண்மை, எடுத்தால் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்பதும் உண்மை. வரிசையில் இடம் இருந்தால், அல்லது இடம் உண்டாக்கிக் கொடுத்தால், பலன் இன்னும் நன்றாக இருக்கும்.

உங்கள் மகள் 12 வயதைத் தாண்டியிருக்கிறாள். வாசல் இன்னும் மூடவில்லை, ஆனால் அதிக காலமும் இல்லை. இரண்டு ஆர்விஜி எடுத்து, பல் அண்ணத்துப் பக்கம் இருக்கிறது, பக்க முன்பல்லின் நடுக்கோட்டை அதிகம் தாண்டவில்லை, வேர் கரையவில்லை என்று உறுதியானால் நான் முதல் டாக்டர் பக்கம். பால்பல்லை எடுத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் ஒரு படம், ஒரு வருடத்தில் ஒரு படம். முன்னேற்றம் இருந்தால் அந்த 12 மாதத்துக்குள் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மேலும் காத்திருப்பதில் பொருளில்லை. இந்த முறையில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்றுண்டு: பால்பல்லை எடுத்ததோடு குடும்பம் மறந்துவிடும், 15 வயதில் திரும்ப வருவார்கள். அதற்குள் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தையும் மூடியிருக்கும். ஆறு மாதப் படத்தை நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்.

பல் நடுக்கோட்டை நன்றாகத் தாண்டியிருந்தாலோ, கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்திருந்தாலோ, வேர் கரைவு இருந்தாலோ, இரண்டாம் டாக்டர் சொன்னதுதான் வழி. முதலில் கிளிப் போட்டு, பற்களைக் கெட்டியான கம்பியில் ஒன்றாகக் கட்டி, கோரைப்பல்லுக்கு இடம் பிடித்துவைப்போம். பிறகு ஓரல் சர்ஜன் ஈறைத் திறந்து, மேலே மூடியிருக்கும் எலும்பை மட்டும் நீக்கிப் பல்லின் தலையை வெளிக்கொண்டுவருவார். அதன்பின் இரண்டு முறை. ஒன்று, பல்லில் சின்னப் பட்டனைப் பசையால் ஒட்டி, அதோடு சேர்ந்த மெல்லிய தங்கச் சங்கிலியை வெளியே விட்டு, ஈறை மூடித் தைத்துவிடுவது. மற்றது, அண்ணத்து ஈறில் ஒரு திறப்பு வெட்டி அப்படியே திறந்துவைத்து, சில நாள் மருந்துக் கட்டு வைப்பது. பல மாதங்களில் பல் தானாகவே இறங்கி வரும், பிறகு பிடித்துக்கொள்ளலாம். அண்ணத்துப் பக்கப் பல்லுக்கு இந்த இரண்டில் எது மேல் என்று ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சர்ஜனுக்குக் கைவந்த முறையை நம்பலாம். உதட்டுப் பக்கப் பல்லுக்கு மட்டும் கண்டிப்பு தேவை. அங்கே தளர்வான சதையைச் சும்மா வெட்டித் திறந்தால், இறங்கிய பல்லுக்குக் கெட்டியான ஈறு கிடைக்காது. சில வருடத்தில் ஈறு மேலேறி வேர் தெரியத் தொடங்கும். கெட்டியான ஈறைச் சேர்த்து மேலே நகர்த்தித் தைப்பார்களா, அல்லது மூடிய முறையா என்று முன்கூட்டியே கேளுங்கள். எலும்பைத் தேவைக்கு மேல் தோண்டிப் பல்லின் கழுத்துக்குக் கீழே வேரைத் தொட்டுவிட்டால் பிற்காலத்தில் அங்கே எலும்பு குறையும் என்பதால், பட்டன் ஒட்டும் அளவு எனாமல் தெரிந்தாலே போதும்.

இழுக்கும் திசைதான் எங்கள் துறையின் உண்மையான திறமை. சங்கிலியை அதன் காலியிடத்தை நோக்கி நேராக இழுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இழுத்தால் நடுவில் இருப்பது பக்க முன்பல்லின் வேர். கோரைப்பல் அதிலேயே உரசிக்கொண்டு வரும். அதனால் முதலில் கீழ்நோக்கியும் பின்புறமாகவும், அண்ணத்தின் நடுப்பக்கமாக விலக்கி, வேரை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். வேர் தப்பியது என்று தெரிந்த பிறகே வெளிப்புறம் திருப்ப வேண்டும். விசையும் மென்மையாக இருக்க வேண்டும், 60 கிராம் அளவு போதும். மாதாமாதம் பார்க்கும்போது சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவது தெரியும். பல் நகர்கிறது என்பதற்கு அதுவே சான்று. மூன்று நான்கு மாதம் ஆகியும் ஒரு கண்ணிகூட வராமல், பக்கத்துப் பற்கள் மேலே இழுபட்டுக் கடியில் இடைவெளி விழுந்தால், பல் எலும்போடு ஒட்டிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். மொத்தச் சிகிச்சைக்கு ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டரை வருடம் ஆகும். ஆறு மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாம் டாக்டர் சொன்ன எடுப்பதை 12 வயதில் முதல் வழியாக நான் ஏற்கமாட்டேன். வேர் மிக நீளமான பல் இது. பக்கவாட்டில் மெல்லும்போது தாடையை வழிநடத்துவதும், உதட்டின் ஓரத்துக்கு எடுப்புக் கொடுப்பதும் இதுதான். எடுத்துவிட்டால் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க வளர்ச்சி முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வைத்தால் பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து இறங்க, இம்பிளான்ட் மட்டும் மேலேயே நின்றுவிடும். பல் ஒட்டிவிட்டது, வேர் வளைந்து கொக்கிபோல் இருக்கிறது, நீர்க்கட்டி சூழ்ந்திருக்கிறது, அல்லது இழுக்கும் வழியே இல்லை என்றால் எடுப்பது சரியான முடிவு. முன்கடைவாய்ப்பல்லை முன்னுக்கு நகர்த்திக் கோரைப்பல்லின் இடத்தில் நிறுத்தி அழகாக முடிக்கவும் முடியும்.

பெரியவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். முப்பது வயதில் எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவந்து, பால்பல் உறுதியாக இருந்து, வேரெதையும் தொடாமல் கிடந்தால், அதை அப்படியே விட்டுச் சில வருடத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்க்கலாம். வயது ஏற ஏற, குறிப்பாக முப்பதுக்கு மேல், இழுத்தால் வராமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மேல் பல்லைத் தொட்டால் கண் பார்வை போய்விடும் என்று உங்கள் மாமியார் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பல்லுக்கு வரும் நரம்பும் பார்வை நரம்பும் மூளையிலிருந்து புறப்படும் வெவ்வேறு நரம்புகள், ஒன்றில் ஊசி போட்டால் மற்றது பாதிக்காது. கோரைப்பல் உருவாகும் இடம் கண்ணுக்குக் கீழே என்பதால் வந்த பயம் அது. அவரையும் டாக்டரிடம் அழைத்துப்போய் எக்ஸ்ரேயை நேரில் காட்டச் சொல்லுங்கள். அறுவை நடந்தால் இரண்டு மூன்று நாள் வீக்கமும் வலியும் இருக்கும், வலி மாத்திரைக்கு அடங்கும். தயிர்சாதம், ஆறிய கஞ்சி, இட்லி போதும். ஒரு வாரத்தில் பள்ளிக்குப் போகலாம்.

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் மற்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளிப் போடும் ஆர்த்தோடான்டிக்ஸ் துறையும் ஓரல் சர்ஜரி துறையும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இந்தச் சிகிச்சைக்கு மிகப் பொருத்தமான இடம் அவைதான்; தனியார் மருத்துவமனையைவிடக் கட்டணம் வெகு குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். எங்கே போனாலும் கிளிப் போடுபவரும் அறுவை செய்பவரும் ஈறைத் திறக்கும் முன்பே ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் பட்டன் ஒட்ட வேண்டும், சங்கிலி எங்கே வெளியே வர வேண்டும் என்பதை இழுக்கப்போகிறவர்தான் சொல்ல முடியும். இந்த வாரம் ஆர்விஜி இரண்டையும் எடுத்துவிட்டு, ஓபிஜியோடு சேர்த்து ஒரு ஆர்த்தோடான்டிஸ்டிடம் காட்டுங்கள். பல் எந்தப் பக்கம், பக்க முன்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, வேர் முழுதாக இருக்கிறதா என்ற மூன்றையும் அவர் வாயால் கேட்டுக்கொண்டு, விடை சாதகமாக இருந்தால் பால்பல்லை எடுக்கும் நாளைக் குறியுங்கள்.